குளியலறைச் சுவரில் இருப்பது எந்தத் தவளை? வாசகர் கேள்வி – பதில்

மழை தொடங்கியதும் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் பொருள் மாறிவிடுகிறது. கோடையில் பாம்பைப் பற்றியும் பல்லியைப் பற்றியும் கேட்டவர்கள் இப்போது தவளையைப் பற்றிக் கேட்கிறார்கள். இம்முறை வந்தவற்றுள் பல கடிதங்கள் மரத்தவளைகளைப் பற்றியனவாக இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியுள்ளேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, வாசகர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு தவளை வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகலில் வெளிறிய சாம்பல் நிறமாகவும் இரவில் நல்ல பழுப்பு நிறமாகவும் தெரிவதால், இரண்டு தவளைகள் மாறி மாறி வருகின்றனவோ என்று ஐயுற்றோம். மெலிந்த உடல், நீண்ட கால்கள், விரல் நுனிகளில் பொட்டு வைத்தாற்போல வட்டங்கள். புழக்கடையில் உள்ள சிமெண்டுத் தொட்டியின் உட்சுவரில் சோப்பு நுரை போன்ற ஒன்றும் ஒட்டியிருக்கிறது. சுற்றிலும் வயல்களும் கருவேல முள்ளும்தான். காடு என்று சொல்ல எதுவும் இல்லை. இது மரத்தவளையா? மரத்தவளை என்றால் இங்கே எப்படி வந்தது? (புதுக்கோட்டை மாவட்ட வாசகர்)

பதில்: ஐயமே வேண்டாம், அது மரத்தவளைதான். இந்திய மரத்தவளை என்றும் புள்ளி மரத்தவளை என்றும் அழைக்கத்தக்க இந்த இனத்தின் அறிவியல் பெயர் பாலிபீடேட்ஸ் மேக்குலேட்டஸ். ஜான் எட்வர்டு கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1830ஆம் ஆண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ‘மேக்குலேட்டஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குப் ‘புள்ளியுடையது’ என்பது பொருள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு, அதைக் கேட்டால் நீங்கள் மகிழ்வீர்கள்: ‘சுண்ணாம்புத் தவளை’. நம் சுண்ணாம்பு ‘சுனம்’ ஆகி ஆங்கிலத்துக்குள் போய், சுண்ணாம்பு பூசிய சுவரில் அமரும் இந்தத் தவளையின் பெயரிலேயே தங்கிவிட்டது. எனவே உங்கள் வீட்டுச் சுவருக்கு அது வந்தது அதன் பழைய வழக்கம்தான்.

இனத்தை எப்படி உறுதி செய்தேன் என்பதையும் சொல்கிறேன். ஏனெனில் பலரும் தவளையை அதன் நிறத்தை வைத்தே அடையாளம் காண முயல்கிறார்கள், மரத்தவளை விஷயத்தில் நிறத்தைப் போல ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை. தோலுக்குள் இருக்கும் நிறமி உயிரணுக்களில் கருநிறத் துகள்கள் பரவினால் தவளை கறுக்கிறது. அவை நடுவில் சுருங்கித் திரண்டால் வெளுக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் இதை ஆட்டுவிக்கின்றன. உலர்ந்த பகலில் வெளிச்சமான சுவரில் அமர்ந்திருக்கும்போது ஏறத்தாழ வெண்மையாகவும், அந்தி சாய்ந்து இரை தேடக் கிளம்பும்போது பழுப்பாகவும் செம்பழுப்பாகவும் மஞ்சள் கலந்தும் ஒரே தவளை தோன்றும். ஆகவே உங்கள் வீட்டுக்கு இரண்டு தவளைகள் வரவில்லை. நீங்கள் கண்டது ஒன்றையேதான்.

நிறத்தை ஒதுக்கிவிட்டு, முதலில் விரல் நுனியைப் பாருங்கள். நீங்கள் பொட்டு என்று எழுதியிருப்பது ஒட்டுத்தட்டு. அதன் அடிப்பரப்பில் அறுகோண வடிவில் உயிரணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே ஓடும் மிக நுண்ணிய வாய்க்கால்களில் சளி போன்ற நீர்மம் கசிந்து, ஈரத்தின் பிடிப்பினால் தவளை வழுவழுப்பான கண்ணாடியிலும் செங்குத்தாக நிற்கிறது. ஒட்டுத்தட்டுக்கு உள்ளே, விரலின் கடைசி எலும்புக்கும் அதற்கு முந்தைய எலும்புக்கும் நடுவில் ஒரு சிறு குருத்தெலும்பும் இருக்கிறது. அதனால் சுவரின் வளைவுக்கு ஏற்ப விரல் நுனியை மடித்து அழுத்த முடிகிறது. வயல் தவளைக்கு இந்த அமைப்பு கிடையாது.

இரண்டாவது அடையாளம் தொடையின் பின்புறம். தவளை அமர்ந்திருக்கும்போது அது மடிப்புக்குள் மறைந்திருக்கும்; கால் நீட்டும்போதுதான் தெரியும். கரும்பழுப்பு வலைப்பின்னலுக்கு நடுவே உருண்டையான மஞ்சள் புள்ளிகள் இருந்தால், அது மேக்குலேட்டஸ் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், அது சுவரில் தாவி ஏறும் நொடியில், அந்தப் புள்ளிகள் மிகத் தெளிவாக விழுந்திருக்கின்றன. அந்தப் படம் இல்லையென்றால் நான் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். இவற்றோடு, கண்ணின் பின்புறத்திலிருந்து தோள் வரை ஓடும் தோல் மடிப்பு, அதன் கீழே நன்றாகத் தெரியும் வட்டமான செவிப்பறை, மேலே வழுவழுப்பும் வயிற்றிலும் தொடையின் அடியிலும் மணல்போன்ற சொரசொரப்பும் கொண்ட தோல், துருத்திய பெரிய கண்ணில் கிடைமட்டமான பாவை ஆகியவையும் பொருந்துகின்றன. ஆண் பொதுவாக 4 முதல் 5 செ.மீ. நீளம் இருக்கும், பெண் 7 செ.மீ. அளவுக்கு வளரும்.

நம் வீடுகளில் சுவர் ஏறும் தவளைகளில் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. உருண்டு திரண்ட உடலும் குட்டைக் கால்களும் சிறிய வாயும் முதுகில் செங்கல் நிறத் திட்டுகளும் கொண்ட யூபெரோடான் டாப்ரோபானிகஸ் என்ற அந்தத் தவளைக்கும் கைவிரல் நுனிகள் அகன்றிருக்கும். ஆனால் அந்த நுனிகள் வட்டமாக இல்லாமல் முக்கோணமாக வெட்டினாற்போல இருக்கும். மெலிந்த உடலையும் நீண்ட காலையும் பார்த்தவர் இரண்டையும் மாற்றிச் சொல்ல மாட்டார்.

அடுத்து வாழிடம். மரத்தவளை என்ற பெயர் நம்மை மழைக்காட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. ஆனால் இந்தியா முழுவதிலும் பரவலாகவும் இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளிலும் வாழும் இந்த இனம், சமவெளியின் வெயிலுக்கும் வறட்சிக்கும் நன்றாகப் பழகியது. தென்னை மட்டையின் இடுக்கு, வாழையின் இலைக்காம்பு, தாழம்புதர், பழைய மரப்பொந்து, கிணற்றுச் சுவரின் கல்லிடுக்கு ஆகியவைதான் இதன் உண்மையான வீடு. மனிதன் கட்டிய வீட்டில் குளியலறை என்பது தவளையின் பார்வையில் ஒரு மரப்பொந்துதான்: நிழல், ஈரம், விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் எல்லாமே அங்கே இருக்கின்றன.

இந்தத் தவளை வறட்சியைத் தாங்கும் முறை, நான் அறிந்த உயிரியல் செய்திகளிலேயே என்னை மிகவும் நெகிழச் செய்த ஒன்று. அமெரிக்க உயிரியலாளர் ஹார்வி லில்லிவைட்டும் இந்திய ஆய்வாளர்களும் இணைந்து 1990களில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். உடல் உலரத் தொடங்கும்போது தவளையின் தோலில் உள்ள சுரப்பிகள் சளியும் கொழுப்பும் கலந்த ஒரு நீர்மத்தைச் சுரக்கின்றன. தவளை தன் கைகளாலும் கால்களாலும் தலை, முதுகு, விலா என்று உடல் முழுவதும் அதைத் தடவிக்கொள்கிறது, நாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வதைப் போல. பிறகு கைகால்களை உடலுக்கு அடியில் ஒடுக்கி அசையாமல் அமர்ந்துவிட்டால், தோலின் வழியாக நீர் ஆவியாவது குறைகிறது. பங்குனி சித்திரையில் சுவரோடு சுவராக, செத்ததுபோல ஒடுங்கியிருக்கும் தவளையைப் பார்த்தால் தண்ணீரை ஊற்றி எழுப்பாதீர்கள். அது தன் உடலில் இருக்கும் நீரைக் காத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கிறது.

தொட்டியில் உள்ள நுரையும் இதே இனத்தின் கூடுதான். மழை பெய்த இரவில் ஆண்கள் நீர்நிலையின் ஓரத்திலிருந்து மரத்தைத் தட்டுவதுபோல ‘டக், டக், டக்’ என்று குரல் கொடுக்கும். இணைசேரும் பெண், முட்டையோடு வெளிவரும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்குகிறது. நம் அடுக்களையில் முட்டையின் வெண்கருவை அடித்தால் எப்படிப் பொங்குமோ அப்படியே அது பொங்குகிறது. நூற்றுக்கணக்கான முட்டைகள் அந்த நுரைக்குள் இருக்கும். வெளிப்பக்கம் காற்றில் உலர்ந்து பொருக்காகிவிட, உட்பக்கம் ஈரமாகவே இருந்து முட்டைகளை வெயிலிலிருந்தும், நீருக்குள் காத்திருக்கும் மீன், பூச்சிகளிடமிருந்தும் காக்கிறது. சில நாட்களில் நுரையின் அடிப்பக்கம் இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீருக்குள் விழும்; அவை தவளையாக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். தண்ணீருக்கு நேர் மேலே கூடு கட்டுவதன் காரணம் இதுதான்.

அந்தத் தொட்டி நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துவதில்லை என்றால், இரண்டு மாதம் அதைக் கழுவாமல் விட்டுவிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அகலமான இலை ஒன்றால் நுரையைச் சிதைக்காமல் வழித்தெடுத்து, நிழலில், எறும்பு ஏறாத இடத்தில் வைத்த மழைநீர்த் தொட்டிக்கு மேலே, விழும் குஞ்சுகள் நேராகத் தண்ணீரில் விழும்படி வைக்கலாம். ஒரு குச்சியையோ தென்னை மட்டையையோ தண்ணீரிலிருந்து விளிம்பு வரை சாய்த்து வைக்க மறந்துவிடாதீர்கள். வால் சுருங்கும் பருவத்தில் குட்டித் தவளை மூச்சுவிட மேலேறி வந்தாக வேண்டும். பிடித்து ஏற எதுவும் இல்லாவிட்டால், அத்தனை நாள் வளர்ந்தது வீணாக மூழ்கி இறக்கும்.

கேள்வி: இதைத் தேரை என்கிறார்கள். தேரை குழந்தையின் மேல் விழுந்தால் குழந்தை மெலிந்துவிடும் என்று என் மாமியார் அஞ்சுகிறார். தேரை மோந்த தேங்காய் உள்ளே ஒன்றுமில்லாமல் போகும் என்றும் சொல்கிறார்கள். இவற்றில் உண்மை உண்டா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். பள்ளிப் பாடநூல்களில் தேரை என்பது உடலெங்கும் மருக்கள் கொண்டு தரையில் தத்தித் தத்திப் போகும் தடித்த உயிரைக் குறிக்கிறது. ஆனால் பல ஊர்களில் மக்கள் தேரை என்று சொல்வது சுவரிலும் தென்னையிலும் காணப்படும் இந்த மெலிந்த மரத்தவளையைத்தான். உங்கள் மாமியார் சொல்வதும் இதைத்தான் என்று எண்ணுகிறேன்.

குழந்தை மெலிவதற்கும் தவளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தத் தவளைக்கு நச்சுப்பல் இல்லை. அது மனிதரைக் கடிப்பதும் இல்லை. எலும்பும் தோலுமாகக் கைகால் நீண்டு தெரியும் அதன் உருவமும், ஊட்டம் குறைந்த குழந்தையின் உருவமும் ஒத்திருந்ததால் பழங்காலத்தில் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாகக் கண்டிருக்கலாம் என்பது என் கருத்து. இந்த நம்பிக்கையில் எனக்கு உள்ள கவலை தவளையைப் பற்றியது மட்டும் அல்ல. குழந்தையின் எடை குறைகிறது என்றால் அதற்கு ஊட்டக்குறைவு, குடற்புழு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, காசநோய் என்று மருத்துவம் பார்க்க வேண்டிய காரணங்கள் இருக்கக்கூடும். தேரை என்று மந்திரித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் குழந்தைக்கு இழப்பு. மாமியாரின் மனம் நோகாமல் இதைச் சொல்லி, குழந்தையை மருத்துவரிடம் காட்டி, அங்கன்வாடியில் எடை பார்த்து வாருங்கள்.

தேங்காய்க்கு வருவோம். உள்ளே பருப்பில்லாத ஒல்லிக்காய்கள் உருவாவதற்குப் போதிய மகரந்தச் சேர்க்கை இல்லாமை, சாம்பல் சத்தும் போரான் சத்தும் குறைதல் ஆகியவை முக்கியமான காரணங்கள். ஈரியோபைட் சிலந்தி தாக்கிய காய்களும் மட்டையில் பழுப்புத் தழும்போடு சிறுத்துப்போகும். தவளையின் வாய் தேங்காய் மட்டையைத் துளைக்கும் வாய் அல்ல. அதன் உணவு பூச்சிகள். பகலில் தென்னங்குலையின் இடுக்கில் உறங்கும் தவளையைக் காய் பறிக்க ஏறியவர் கண்டு, அங்கேயே ஒல்லிக்காயையும் கண்டிருப்பார். பழி தவளையின் மேல் விழுந்துவிட்டது. உங்கள் தோப்பில் ஒல்லிக்காய் மிகுதி என்றால் மண்ணைச் சோதித்துப் பார்த்து வேளாண் அலுவலரின் ஆலோசனைப்படி உரமிடுங்கள்.

கேள்வி: கையில் எடுத்தபோது தண்ணீர் போன்ற எதையோ பீய்ச்சியது. அது விஷமா? (தஞ்சாவூர் மாணவர்)

பதில்: விஷம் அல்ல. தவளை தன் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைத்து, வறண்ட நாட்களில் அதை மீண்டும் உடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பகைவரிடம் சிக்கும்போது அதைப் பீய்ச்சிவிட்டுத் தப்ப முயலும். உங்களுக்கு அதனால் தீங்கு இல்லை, கையைக் கழுவினால் போதும். ஆனால் கோடையில் அது இழந்தது அதன் உயிர்நீர். வேடிக்கைக்காகக் கையில் எடுக்காதீர்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் எழுதுவதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் உள்ள சோலையில் உள்ளங்கை அளவுப் பச்சைத் தவளை ஒன்றைக் கண்டோம். விரல்களுக்கு நடுவே சிவந்த சவ்வு இருந்தது. மரத்திலிருந்து மரத்துக்குப் பறந்தது என்று என் மகன் உறுதியாகச் சொல்கிறான். (வால்பாறை வாசகர்)

பதில்: உங்கள் மகன் கண்டது உண்மை; சொல்லை மட்டும் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். அது பறக்கவில்லை, சறுக்கி மிதந்தது. கை கால் இரண்டிலும் விரல்களுக்கிடையே உள்ள அகன்ற சவ்வைக் குடைபோல விரித்து, உயரத்திலிருந்து குதிக்கும் இத்தவளைகள் 9 முதல் 12 மீட்டர் தொலைவு வரை காற்றில் சாய்வாகச் செல்லும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவலாகக் காணப்படுவது மலபார் சறுக்குத் தவளை, அதாவது ராக்கோஃபோரஸ் மலபாரிகஸ். ஜெர்டான் என்ற மருத்துவர் 1870இல் பெயரிட்டது. 10 செ.மீ. அளவுக்கு வளரும் பெரிய தவளை அது.

ஆனால் வால்பாறையிலிருந்து வரும் கடிதத்துக்கு அவ்வளவு விரைவாகப் பதில் எழுதிவிட முடியாது. ஆனைமலைக்கே உரிய இன்னொரு சறுக்குத் தவளை உங்கள் பகுதியில் இருக்கிறது. கார்த்திகேயன் வாசுதேவனும் சுஷில் குமார் தத்தாவும் 2000ஆம் ஆண்டில், உங்களுக்கு நன்கு தெரிந்த ஆண்டிப்பாறைச் சோலையில் கண்ட தவளையை வைத்து ராக்கோஃபோரஸ் சூடோமலபாரிகஸ் என்ற புதிய இனத்தை விவரித்தார்கள். இரண்டும் பச்சை, இரண்டுக்கும் விரிந்த சவ்வு. முதுகைக் கூர்ந்து பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். மலபார் தவளையின் முதுகு ஒரே பச்சையாக இருக்கும். ஆனைமலைத் தவளையின் முதுகில், இலை நரம்பைப் போல, மெல்லிய கருங்கோடுகள் ஓடும். இளந்தவளைகளில் அது இன்னும் நன்றாகத் தெரியும். நீங்கள் அனுப்பிய படம் பக்கவாட்டில் எடுக்கப்பட்டதால் சவ்வு அழகாகத் தெரிகிறது, முதுகு தெரியவில்லை. ஆகவே சறுக்குத் தவளை என்பது வரை உறுதி. இரண்டில் எது என்பதை மேலிருந்து எடுத்த படம் கிடைத்தால் சொல்கிறேன்.

வாழிடமும் இங்கே ஒரு துப்பாக உதவும், அதுவே தீர்ப்பு ஆகாவிட்டாலும். மலபார் தவளை காப்பித் தோட்டத்துக் குட்டையிலும் வீட்டுக் கிணற்றோரத்திலும்கூட இனப்பெருக்கம் செய்யும் இயல்புடையது. தண்ணீருக்கு மேல் தொங்கும் இலைகளைச் சேர்த்து நுரைக்கூடு கட்டும். ஆனைமலைத் தவளையின் பரப்போ மிகக் குறுகியது. தேயிலைக்காக வெட்டப்பட்டுத் தீவுகளைப்போலச் சிதறிக் கிடக்கும் சோலைத் துண்டுகள், அவற்றின் ஓரத்தில் மழைநீர் தேங்கும் சதுப்புப் பள்ளங்கள், பள்ளத்தின் மேல் கவிந்திருக்கும் செடிகள் ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் அதற்கு வேண்டும். உங்கள் சோலையின் ஓரத்தில் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை மண்ணிட்டு மூடாமலும் தோட்டத்து மருந்து கழுவிய நீர் அதில் கலக்காமலும் பார்த்துக்கொள்ளுமாறு மேலாளரிடம் பேசுங்கள். வீணாகக் கிடக்கும் சேறு என்று அவர் நினைப்பது, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தவளையின் தொட்டிலாக இருக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து வேலியில் இரவெல்லாம் ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய தவளை. அருகில் குளமோ ஓடையோ இல்லை. தண்ணீர் இல்லாமல் எங்கே முட்டையிடும்? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: தண்ணீர் வேண்டாத தவளைகள் அவை. ராவோர்செஸ்டெஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த புதர்த்தவளைகளின் முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் கடந்துவிடும்; வெளியே வரும்போது வாலற்ற முழுத் தவளையாக, அரிசிமணிபோல வரும். அவற்றுக்குக் குளத்தைவிட ஈரமான காற்றும், மண்ணில் மக்கிய இலைப் படுகையும், உங்கள் வேலியைப் போன்ற அடர்ந்த புதரும்தான் முக்கியம். இந்தப் பேரினத்தின் பெயரில் முதலில் உள்ள ‘ராவ்’, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து நம் தென்னகத் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண ராவைக் குறிக்கிறது, 2010இல் எஸ். டி. பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் அவர் நினைவாக இப்பெயரை இட்டார்கள். பழனி மலையிலிருந்து 2006இல் விவரிக்கப்பட்ட டுபுவா என்ற இனம் உங்கள் வேலியில் இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஆனால் புதர்த்தவளைகளை நிறத்தையோ படத்தையோ கொண்டு மட்டும் பிரித்துவிட முடியாது. ஒரே இனத்தில் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று பழுப்பாகவும் இருக்கும். உருவத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு இனங்களின் குரல் வேறுவேறாக இருக்கும். ஆய்வாளர்கள் குரலைப் பதிவு செய்து ஒப்பிடுவது இதனால்தான். நீங்களும் கைபேசியில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து அனுப்புங்கள்.

முட்டையிடும் இடத்தைக் கேட்டீர்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டில் வாழும் ராவோர்செஸ்டெஸ் சாலசோடெஸ் என்ற பச்சைப் புதர்த்தவளையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1876இல் பெயரிடப்பட்ட பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாமல், அழிந்துபோயிற்றோ என்று எண்ணப்பட்டு, அண்மையில்தான் மீண்டும் காணப்பட்டது. சேஷாத்ரியும் குருராஜாவும் உடன் ஆய்வாளரும் அதன் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தபோது, மூங்கிலினத்தைச் சேர்ந்த ஈத்தையின் கணுக்களுக்கு நடுவே விழுந்திருக்கும் சிறு வெடிப்பு வழியாக உடலை ஒடுக்கி உள்ளே நுழைந்து, குழலுக்குள்ளேயே முட்டையிடுகிறது என்றும், ஆண் தவளை உள்ளேயே இருந்து அந்த முட்டைகளைக் காக்கிறது என்றும் கண்டறிந்தார்கள். அந்தத் தவளையின் வாழிடம் காடு என்று சொன்னால் போதாது. வெடிப்பு விழுந்த ஓர் ஈத்தைக் குழல் என்று சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு மரத்தவளையின் முதுகில் உடுக்கை வரைந்தாற்போல ஓர் அடையாளம் இருக்கிறது. இதுவும் நீங்கள் முன்பு எழுதிய இந்திய மரத்தவளையா? (மாத்தளை, இலங்கை)

பதில்: இல்லை. நீங்கள் சொல்லும் உடுக்கை அடையாளமே அதை வேறு இனம் என்று காட்டிவிட்டது. அது பாலிபீடேட்ஸ் குரூசிஜெர். 1852இல் பிளைத் பெயரிட்டது, இலங்கைக்கே உரியது. அதன் தலைத்தோல் மண்டையோட்டோடு ஒன்றி இறுகியிருக்கும். புள்ளி மரத்தவளையும் இலங்கையில் உண்டு. யாழ்ப்பாணம் போன்ற உலர்வலயப் பகுதிகளில் சுவரேறுவது அதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் உடுக்கை அடையாளத் தவளை உண்டு. நெடுங்காலம் அதையும் குரூசிஜெர் என்றே எண்ணியிருந்து, இந்திரநீல் தாஸும் ரவிச்சந்திரனும் 1990களின் இறுதியில் ஆராய்ந்து சூடோகுரூசிஜெர் என்று தனியே பிரித்தார்கள்.

கேள்வி: பள்ளி நாட்குறிப்பின் அட்டையில் சிவந்த கண்ணும் பச்சை உடலும் உள்ள தவளையைப் பார்த்தேன். அது நம் காடுகளில் எங்கே இருக்கிறது? (மதுரை மாணவி)

பதில்: நம் காடுகளில் இல்லை, மகளே. அது அகாலிக்னிஸ் காலிட்ரியாஸ். தெற்கு மெக்சிகோவிலிருந்து நடு அமெரிக்கா வழியாகக் கொலம்பியா வரை உள்ள தாழ்நில மழைக்காடுகளில் வாழ்வது. நம் மரத்தவளைகளுக்கும் அதற்கும் குடும்பமே வேறு. மரமேறும் வாழ்க்கை ஒன்றாக இருந்ததால் ஒட்டுத்தட்டு மட்டும் இரு பக்கமும் தனித்தனியே தோன்றியது. அது நுரைக்கூடு கட்டாமல், தண்ணீருக்கு மேல் உள்ள இலையில் கண்ணாடி போன்ற கூழில் முட்டையிடும். முட்டைகள் இயல்பாக ஆறேழு நாளில் பொரிக்கும். ஆனால் பாம்பு வந்து தின்னத் தொடங்கினால், அந்த அதிர்வை உணர்ந்து, மீதமுள்ள கருக்கள் நாள் நிறைவதற்கு முன்பே முட்டையை உடைத்துக்கொண்டு தண்ணீரில் குதித்துவிடும். காரென் வார்கெண்டின் என்ற ஆய்வாளர் 1995இல் இதை வெளியிட்டார்.

கேள்வி: இனம் அறிவதற்குப் படம் அனுப்ப விரும்புகிறவர்கள் எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்? (பல வாசகர்கள்)

பதில்: தவளையைப் பிடிக்காமல், அது அமர்ந்திருக்கும் இடத்திலேயே எடுங்கள். நம் கையில் உள்ள உப்பும் பூச்சிக்கொல்லித் தைலமும் முகப்பூச்சும் அதன் தோல் வழியாக உள்ளே போய்விடும், ஏனென்றால் தவளை தோலாலும் மூச்சுவிடும் உயிர். மேலிருந்து முதுகு தெரிய ஒரு படம், பக்கவாட்டில் கண்ணும் செவிப்பறையும் தெரிய ஒரு படம், அது கண்ணாடியிலோ வழுவழுப்பான கதவிலோ ஏறியிருந்தால் அடிவயிறும் ஒட்டுத்தட்டும் தெரிய ஒரு படம் போதும். தொடையின் பின்புறம் தெரிவது வாய்ப்பைப் பொறுத்தது. காலை இழுத்து நீட்ட முயலாதீர்கள். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தால் அளவு புரியும். டார்ச்சை நேராகக் கண்ணில் நெடுநேரம் அடிக்க வேண்டாம். இருட்டுக்கு விரிந்த அதன் பாவை மீண்டு இரை தேடப் பொழுது பிடிக்கும். சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி இரவில் தவளை தேடிப் போகாதீர்கள்.

படத்தோடு, கண்ட ஊர், நாள், நேரம், அன்று மழை பெய்ததா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்தச் செடியில் அல்லது சுவரில் இருந்தது, கண்ணுக்கெட்டிய தொலைவில் எந்த நீர்நிலை உள்ளது என்பவற்றையும் எழுதுங்கள். புதுக்கோட்டை வாசகர் தொட்டியின் நுரையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். அந்தத் தவளைகள் அங்கே வெறுமனே ஒதுங்கவில்லை, இனம் பெருக்குகின்றன என்பது அந்த ஒரு வரியால்தான் எனக்குத் தெரிந்தது.